விக்டோரியா பயணமும் பழைய ஓனர் பெயரும்

வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமிலிருந்து கனடாவின் விக்டோரியாவுக்கு வாடகைக்கு எடுத்த செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை ஓட்டிக்கொண்டு போகத் திட்டம். ரேடியோ உரிமம் சரியில்லை என்று வாடகைக்கு விடுபவர்கள் சாவி தர மறுத்துவிட்டார்கள்.

என் உரிமம்தான் குறை என்று நினைத்து, எஃப்சிசி (அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம்) தளத்தில் ரேடியோ ஆபரேட்டர் பெர்மிட், அதாவது ரேடியோவை இயக்கும் ஆளுக்கான அனுமதி, வாங்கினேன். அதுவும் தேவைதான், ஆயுளுக்கும் செல்லும். ஆனால் பதில் மாறவில்லை. அடுத்து ஈ-ஏபிஐஎஸ் என்ற அமெரிக்க எல்லைத்துறைத் தளத்துக்கான பயணிகள் பட்டியலைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். அதில் தப்பே இல்லை.

மூன்றாம் நாள் விமானத்தின் காகித உறையைக் கவிழ்த்துப் பார்த்தேன். விமானத்துக்கான ரேடியோ நிலைய உரிமம் இருந்தது, காலாவதியும் ஆகவில்லை. ஆனால் அதில் இருந்தது பழைய ஓனர் பெயர்! விமானம் கைமாறினால் இந்த உரிமம் கூடவே வராது. அமெரிக்காவுக்குள் பறக்க இது பொதுவாகத் தேவையில்லை என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

புதிய ஓனர் தன் பெயரில் விண்ணப்பித்தார், 10 ஆண்டு உரிமம் வந்தது. அப்புறம் வழக்கமான வேலைகள்தான்: கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு முன்பே ஈ-ஏபிஐஎஸ், கனடாவில் இறங்க இரண்டு மணி நேரத்துக்கு முன்பே கனடா எல்லைத்துறைக்கு போன், எல்லை தாண்டும் முன் ரேடாரில் விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் எண். விக்டோரியாவில் இறங்கி எல்லைத்துறைக்கு மறுபடி போன் செய்ததும், வருகையைப் பதிந்ததற்கான ஒரு எண் சொன்னார்கள். தொடையில் கட்டியிருந்த குறிப்புப் பலகையில் குறித்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.