குப்பையைப் பிரிக்கிற இடம் குசினி வாசல்

யாழ்ப்பாணத்தில் எந்தப் பழைய வளவைக் கொத்தினாலும் அரையடிக்குக் கீழே ஒரு சொப்பிங் பை வரும். அம்மப்பா காலத்தில் கிடங்கு வெட்டிக் கஞ்சலைக் கொட்டி மண் மூடினார்கள், அதில் பிழை இல்லை, ஏனென்றால் அவர்கள் கொட்டியது சருகும் சாம்பலும் மரக்கறித் தோலும். அதே கிடங்குக்குள் நாங்கள் பம்பேர்சையும் பற்றரியையும் போடத் தொடங்கியதில்தான் வில்லங்கம். எங்கள் காலுக்குக் கீழே இருப்பது வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல், மேலே மண் பல இடங்களில் மெல்லிசு. மழை பெய்தால் கிடங்கில் ஊறிய தண்ணீர் சரியாக வடிபடாமலே நிலத்தடி நீரோடு போய்ச் சேரும், அங்கிருந்து உங்கள் கிணற்றுக்கோ பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கோ. ஆகவே உக்காத எதையும் புதைக்காதீர்கள்.

எரிக்கவும் வேண்டாம். பிளாஸ்ரிக் புகையில் டயொக்சின் போன்ற நஞ்சு இருக்கிறது. அதோடு 2017 செப்டெம்பர் முதல் பொலித்தீனையும் பிளாஸ்ரிக்கையும் திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி தடை. அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு நாளில்தான் கொழும்பில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஞாபகம் இருக்கும்.

சரி, அப்ப என்ன செய்வது? குசினி வாசலில் இரண்டு வாளி வையுங்கள், ஒன்று உக்குவதற்கு, மற்றது உக்காததற்கு. உள்ளூராட்சிச் சபைகளின் நிற ஒழுங்கு (பச்சை உக்குவது, நீலம் கடதாசி, செம்மஞ்சள் பிளாஸ்ரிக், சிவப்பு கண்ணாடி, மண்ணிறம் உலோகம்) நல்லதுதான், ஆனால் முதல் நாளே ஐந்து வாளி வாங்கினால் ஒரு கிழமையில் அதில் மூன்றுக்குள் வெங்காயம் இருக்கும். ஈரமும் காய்ந்ததும் கலக்காமல் இருந்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. கறிச்சாறு பட்ட கடதாசியை எவரும் எடுக்கமாட்டார்கள், பொலித்தீன் விழுந்த பசளையைத் தோட்டத்துக்குப் போட முடியாது.

உக்கும் வாளியைக் கூட்டெருவாக்குங்கள். கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, நிழலில், நிலத்துக்கு மேலேயே குவியுங்கள், கிடங்கு வேண்டாம். ஒரு வாளி குசினிக் கழிவுக்கு இரண்டு வாளி மா, பலா, வேம்புச் சருகு, இதுதான் கணக்கு. பூவரசங்குழை இருந்தால் கொஞ்சம் வெட்டிப் போடுங்கள், தோட்டத்துக்குப் பசளையாகக் குழை தாழ்த்தியவர்களுக்கு அதன் அருமை தெரியும். பனையோலையைச் சேர்க்க வேண்டாம், அது உக்குவதற்குள் உங்களுக்கு அலுத்துவிடும். குவியல் நன்றாகப் பெரிதாக இருந்தால் மூன்று நாலு நாளில் உள்ளே கை வைக்கமுடியாத சூடு வரும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அதுதான் வேண்டும். கிழமைக்கு ஒருக்கால் புரட்டுங்கள். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி விழவேண்டும், ஒழுகினால் ஈரம் கூட. நாற்றம் வந்தால் காற்றுப் போதவில்லை என்று அர்த்தம், சருகு போட்டுப் புரட்டினால் இரண்டு நாளில் சரியாகும். வெயில் காலத்தில் தண்ணீர் தெளித்து, மாரியில் கிடுகால் மூடிவையுங்கள். மூன்று மாதம் அளவில் மண்வாசம் வரும், அரித்துக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் போடலாம்.

மீன் தலை, செதில் போட்டால் நாய் கிளறும், நான் பட்டிருக்கிறேன். சந்தையிலேயே வெட்டிக் கழுவி வாங்குவது சுகம். கூழ் காய்ச்சிய அன்று மிஞ்சும் நண்டுக் கோதை இடித்துத் தென்னைக்குப் போடுங்கள்.

காய்ந்த வாளியில் போத்தல், ரின், கடதாசி மட்டை எல்லாம் பழைய இரும்புக்காரருக்குக் காசு. யோகட் கப்பைக் கழுவிக் காயவைத்துச் சேருங்கள். பால்மா பைக்கெற்றுக்கு வாங்க ஆள் இல்லை, அது சபை வண்டிக்குத்தான் போகும். உடைந்த கண்ணாடியை மட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டி, மேலே எழுதிக் கொடுங்கள், வண்டியில் வருபவர் அநேகமாக வெறுங்கையால்தான் எடுக்கிறார். பற்றரியையும் உடைந்த மின்குமிழையும் தனி ரின்னில் சேர்த்துவைத்து, எடுக்கிற இடம் கேட்டுக் கொடுங்கள்.

கடைக்குப் போகும்போது பையைக் கொண்டு போங்கள், மீனுக்குப் பனையோலை உமல் இன்னும் கிடைக்கிறது. சாப்பாடு கட்ட வளவில் வாழை நிற்கும்போது லஞ்ச் சீற் எதற்கு என்று எனக்கு விளங்குவதே இல்லை.

ஐப்பசி மழை தொடங்குமுன் வளவை ஒருக்கால் சுற்றிப் பாருங்கள். சிரட்டை, இளநீர்க் கோம்பை, பழைய டயர் எதில் தண்ணீர் நின்றாலும் டெங்கு நுளம்பு முட்டையிடும். முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் வரை பிடிக்கும், அதனால் கிழமைக்கு ஒரு சுற்று போதும். அந்தச் சுற்றில் பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சேரும் தட்டையும் இழுத்துப் பாருங்கள், எங்கள் வீட்டில் புழு இருந்தது அங்கேதான்.