பேட் தாய் பண்ணணுமா, முதல்ல நூடுல்ஸ வேக வைக்காதீங்க

பேட் தாய்ங்கறது தாய்லாந்துக்காரங்க கடாய்ல பிரட்டற நூடுல்ஸ். முதல் தடவ அத பண்ணப்போ நான் பண்ண கூத்து என்னன்னா, கொதிக்கிற தண்ணில நூடுல்ஸ போட்டு சேமியா மாதிரி வேகவச்சு வடிச்சு வச்சேன். பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, கடாய்ல போட்டு ரெண்டு பிரட்டு பிரட்டினதும் உடைஞ்சு களியாகி கடைசில எல்லாரும் ஸ்பூன் போட்டு சாப்டோம்.

இது அரிசி நூடுல்ஸ், தட்டையா 3லேந்து 5 மில்லிமீட்டர் அகலத்துல வரும். பச்சத்தண்ணில ஒரு முக்கா மணி நேரம் ஊறினா போதும், அடுப்பே வேணாம். எடுத்து விரல்ல சுத்திப் பாருங்க, ஒடையாம சுத்திக்கணும், ஆனா கடிச்சா நடுவுல நறுக்குன்னு இருக்கணும். மீதி வேக்காடு கடாய்ல அந்த புளி சாஸ்லதான் நடக்கணும், அப்பதான் ருசி உள்ள இறங்கும். முன்னாடியே வெந்த நூடுல்ஸ் எதையும் குடிக்காது, மேல பூசின மாதிரிதான் நிக்கும்.

சாஸ்ல மூணே விஷயம், புளி, வெல்லம், ஃபிஷ் சாஸ். ரெண்டு பேருக்கு 200 கிராம் நூடுல்ஸ்னா, கெட்டியா கரைச்ச புளி 3 டேபிள்ஸ்பூன், பொடிச்ச வெல்லம் 3, ஃபிஷ் சாஸ் 2, சின்ன தீயில வெல்லம் கரையற வரைக்கும் வச்சு எறக்கிடுங்க. தாய்லாந்துல பனைவெல்லம்தான் போடுவாங்க, ஆனா அது நம்ம கருப்பட்டி மாதிரி கருப்பா இருக்காது, வெளுப்பா மெதுவான ருசில இருக்கும், நான் ஒருதரம் கருப்பட்டி போட்டேன், பணியாரம் வாசனதான் வந்துச்சு, அதனால சாதா வெல்லமே நல்லது. நம்ம பழைய புளி புளிப்பு ஜாஸ்தி, ருசி பாத்து வெல்லத்த ஏத்திக்கோங்க. தனியா நக்கிப் பாத்தா வத்தக்குழம்பு மாதிரி சுருக்குன்னு இருக்கணும், நூடுல்ஸ் சேந்ததும் அடங்கிடும். கெச்சப் ஊத்தி செவக்க வைக்கறவங்களும் இருக்காங்க, அது அவங்க இஷ்டம், நான் சாப்ட மாட்டேன்.

ஃபிஷ் சாஸ் பாட்டில தெறந்ததும் மூக்கப் பொத்தாதீங்க, நெத்திலியும் உப்பும் போட்டு மாசக்கணக்கா ஊற வைக்கறதுதான் அது, கருவாடு வறுக்கற வீட்ல வளந்தவங்களுக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல. சைவம்னா லைட் சோயா சாஸும் கொஞ்சம் உப்பும். காஞ்ச இறாலும் கொஞ்சம் போடுவாங்க, அதுக்கு நம்ம சென்னாகூனியே சரியா வரும், மண்ணு போக அலசிட்டு போடுங்க. உப்புல போட்ட முள்ளங்கி கிடைச்சா சேருங்க, இல்லன்னா விட்ருங்க.

இப்ப முக்கியமான விஷயம், எத்தன பேர் வீட்ல இருந்தாலும் ஒரு தட்டுக்குத்தான் ஒரு தடவ. வீட்டு அடுப்புல அவ்ளோ சூடு கிடையாது, நாலு பேருக்கும் சேத்துக் கொட்டினா தண்ணி விட்டு அவிஞ்சு போயிடும். கடாய நல்லா காய வச்சு எண்ணெய் விட்டு இறால வதக்கி தனியா எடுத்துடுங்க, அதே எண்ணெய்ல சின்ன வெங்காயம், பூண்டு, சதுரமா வெட்டின டோஃபு (சோயா பனீர்), சென்னாகூனி, அது செவந்ததும் நூடுல்ஸ், மேல 4 டேபிள்ஸ்பூன் சாஸ். தோசக்கரண்டியும் இன்னொரு கரண்டியும் வச்சு தூக்கித் தூக்கிப் போடுங்க. முதல்ல கொழகொழன்னு கொதிக்கற சத்தம் வரும், சாஸ உறிஞ்ச உறிஞ்ச அது சடசடன்னு பொரியற சத்தமா மாறும், அப்ப ஒண்ணு எடுத்துக் கடிங்க, இன்னும் வெறப்பா இருந்தா ரெண்டு ஸ்பூன் தண்ணி தெளிங்க. அப்றம் ஓரமா ஒதுக்கிட்டு முட்டைய ஒடச்சு ஊத்தி, பாதி வெந்ததும் நூடுல்ஸ அது மேல தள்ளி ஒரு பிரட்டு. இறால், ஒரு கைப்பிடி பயறு முளை, வெங்காயத்தாள், வறுத்து ஒண்ணு ரெண்டா ஒடச்ச வேர்க்கடல போட்டு உடனே எறக்கிடுங்க, முளை வாடக்கூடாது.

இத்தனைக்கும் இது ரொம்ப பழைய சாப்பாடெல்லாம் இல்ல. கடாய்ல நூடுல்ஸ் பிரட்டறது சீனாக்காரங்க கொண்டு வந்த பழக்கம், 1939ல சயாம்ங்கற பேர தாய்லாந்துன்னு மாத்தினாரே பிரதமர் பிபுன்சொங்க்ராம், அவர் ஆட்சிலதான் இத நாட்டு சாப்பாடுன்னு தூக்கி விட்டாங்க.

அங்க நூடுல்ஸ் கடை மேசைல சக்கர, மொளகாத்தூள், ஃபிஷ் சாஸ், மொளகா ஊறின வினிகர் நாலும் இருக்கும், அவங்கவங்க கலந்துக்குவாங்க. தட்டு ஓரத்துல எலுமிச்சத் துண்டும், பச்சையா கீறின வாழப்பூவும், சில எடத்துல வல்லாரையும் வைப்பாங்க. வாழப்பூவ உள்மடல் வெளுப்பு வர்ற வரைக்கும் உரிச்சு, கீறினதும் எலுமிச்ச பிழிஞ்ச தண்ணில போட்டுடுங்க, இல்லன்னா கறுத்துடும்.