பெண்கள் 100 மீற்றர் ப்றீஸ்டைல்: சுவர் ஓரத்தில் தொலையும் செக்கன்கள்

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பெண்கள் 50 மீற்றர் ப்றீஸ்டைல் நீச்சல் இறுதிப் போட்டியை ஜேர்மனியின் பிரிட்டா ஸ்டெஃபன் 24.06 செக்கனில் முடித்தார். அமெரிக்காவின் டாரா டொரஸ் எடுத்தது 24.07. 2016 றியோவில் 100 மீற்றரில் சிமோன் மனுவெலும் பென்னி ஒலெக்ஸியாக்கும் 52.70 செக்கனில் ஒன்றாகத் தொட்டார்கள்; இருவருக்கும் தங்கம். ஆகவே நம் வீராங்கனைகள் விடும் தவறுகளைக் கடைசித் தொடுகையிலிருந்தே பார்ப்போம்.

கடைசி 5 மீற்றரில் மூச்செடுக்கத் தலையைத் திருப்புவதுதான் அதிகம் காணும் பிழை. தலை உயர்ந்தால் இடுப்பு தாழும், வேகம் விழும். மேலே கட்டியிருக்கும் கொடிகள் சுவரிலிருந்து 5 மீற்றரில் இருக்கின்றன. தடாகத்தின் அடியில் ஓடும் கறுப்புக் கோடு 2 மீற்றர் முன்னால் குறுக்குக் கோட்டுடன் முடிகிறது. கொடிக்கு முன்பே கடைசி மூச்சு, குறுக்குக் கோட்டில் கடைசிக் கைவீச்சு எனப் பழக்குங்கள். அடுத்த பிழை, கை எட்டாதபோது காலடிப்பை நிறுத்திவிட்டு மிதந்து போய்த் தொடுவது. இன்னும் அரைவீச்சுப் போட்டாலும் சரி, கால் நிற்கக்கூடாது. தொட்டதும் நேரத்தைப் பதியும் சுவர்த் தொடுபலகை நீருக்கு மேல் 30 சென்ரிமீற்றர், கீழே 60 சென்ரிமீற்றர் இருக்கும். கையை மேலே தூக்கி அறைந்தால் பாதை நீளும். தோளை நீட்டி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே விரல்நுனியால் அழுத்தித் தொட வேண்டும். மெல்லத் தடவினால் பலகை பதியாமல் போகலாம்.

கொழும்புப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 25 மீற்றர் தடாகத்தில் 100 மீற்றருக்கு மூன்று திருப்பங்கள். மூன்று முறையும் சுவரை உதைத்து வேகம் எடுக்கலாம். சுகததாச தடாகம் போன்ற 50 மீற்றரில் ஒரே ஒரு திருப்பம்தான். 25 மீற்றரில் பழகிய வேகத்தில் இங்கே பாய்ந்தால் 70ஆவது மீற்றரில் கை கனத்துவிடும். 60 செக்கனில் நீந்துபவர் முதல் பாதியை 29, இரண்டாவதை 31 என முடிப்பது நல்ல பங்கீடு. இடைவெளி 4 செக்கனைத் தாண்டினால் தொடக்கத்தில் அவசரப்பட்டிருக்கிறார் என்றே கொள்ளுங்கள். போட்டிக்கு முந்திய வாரங்களில் சில நாட்களாவது 50 மீற்றரில் பயிற்சி அவசியம்.

தொடக்கத்தில், மத்தியஸ்தரின் நீண்ட விசிலுக்கு மேடையில் ஏறி, ஆயத்தக் கட்டளைக்குப் பின் ஆடாமல் நிற்க வேண்டும். சமிக்ஞைக்கு முன் புறப்பட்டால் தகுதிநீக்கம். இரண்டாவது வாய்ப்பு கிடையாது. பாயும்போது மோவாய் உயர்ந்தால் நீச்சல் கண்ணாடி கழன்றுவிடும். கண்ணாடிப் பட்டிக்கு மேல் இரண்டாவது தொப்பி அணிவது நல்ல காப்பு.

15 மீற்றர் குறிக்குள் தலை நீருக்கு மேலே வந்துவிட வேண்டும் என்பது விதி. ஆனால் நம் வீராங்கனைகள் அதைத் தாண்டுவது அரிது. 7, 8 மீற்றரிலேயே மேலே வந்து, முதல் வீச்சிலேயே மூச்செடுத்து, பாய்ச்சலின் வேகத்தை இழப்பதுதான் வழக்கம். முதல் இரண்டு வீச்சுக்கு மூச்சு வேண்டாம். திருப்பத்திலும் இதே ஒழுங்குதான்.

ஹீட்டில், அதாவது முதற்சுற்று ஓட்டத்தில், முதலிடம் வந்தால் போதும் என்று கடைசியில் வேகத்தைக் குறைப்பது பெரிய ஏமாற்றத்தில் முடியும். அரையிறுதி இல்லாத போட்டியில், எட்டு லேன் தடாகத்தில் இறுதிக்குப் போவது எல்லா ஹீட்டுகளிலும் நேரத்தால் முந்திய எட்டுப் பேர்தான். ஹீட்டில் பிடித்த இடம் கணக்கில் வராது.

உடையையும் சொல்லத்தான் வேண்டும். பெண்களின் போட்டி உடை கழுத்தை மூடக்கூடாது, தோளைத் தாண்டக்கூடாது, முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. இறுக்கமான புதிய உடையை அன்றுதான் முதன்முதலாக அணிந்தால், போட நேரம் போகும், நகம் பட்டுக் கிழியும். மாதவிடாய் நாளில் போட்டி வந்தால் என்ன பயன்படுத்துவது என்பதையும் பயிற்சி நாட்களிலேயே பார்த்து முடிவு செய்ய வேண்டும். பயிற்றுநர் ஆணாக இருந்தால் பிள்ளை வாய் திறக்கமாட்டாள். அம்மாவோ மூத்த வீராங்கனையோ முன்கூட்டியே பேசிவிடுங்கள்.