மின்வெட்டுக்குப் பிறகு ஊமையான பிரிண்டர்

தில்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டுக் கணினியில் உபுண்டு இயங்குதளம்தான். போன வாரம் மின்சாரம் போய்த் திரும்பியதிலிருந்து வைஃபை பிரிண்டர் அசையவே இல்லை. காலையில் மகளுக்குத் தமிழ் வகுப்புப் பயிற்சித் தாள்கள் வேண்டும். பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருள்மேல் சந்தேகப்பட்டு அதை மறுபடி நிறுவியதில் ஒரு மணி நேரம் போனது. பலன் இல்லை.

அப்புறம்தான் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:631 என்று அடித்தேன். அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் கப்ஸ் மென்பொருளின் பக்கம் அது. இணையம் இல்லாவிட்டாலும் திறக்கும். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டிய இடமே இதுதான். பிரிண்டர் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது, ஐந்து வேலைகள் தேங்கிக் கிடந்தன.

காரணம் ஐபி முகவரி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண். பிரிண்டரைச் சேர்த்தபோது 192.168.1.7 என்று நானே கையால் கொடுத்திருந்தேன். மின்சாரம் வந்ததும் ரவுட்டர் அதற்கு 192.168.1.12 என்று புது எண் கொடுத்துவிட்டது. ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது கணினி! பிரிண்டரின் சின்னத் திரையில் நெட்வொர்க் விவரத்தைப் பார்த்ததும் இது புரிந்தது.

சரி, தேங்கிய வேலைகளை ரத்து செய்தேன். 'மாடிஃபை பிரிண்டர்' போய்ப் புது எண்ணைக் கொடுத்தேன், பிறகு 'ரெஸ்யூம்' அழுத்தினேன். உடனே தாள் வந்தது. அடுத்த மின்வெட்டில் மறுபடி மாறாமலிருக்க, ரவுட்டர் அமைப்பில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு (கருவிக்கே உரிய வன்பொருள் அடையாளம்) அந்த எண்ணையே நிரந்தரமாக ஒதுக்கினேன். அதன்பின் இரண்டு முறை மின்சாரம் போய் வந்தது, எண் மாறவில்லை.