ஒரு ‘ஃபார்’ செய்த வேலை

போன சனிக்கிழமை வகுப்பில் ஒரு பையன் எழுதிக் காட்டிய மெயிலைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது அவனுக்கு. ரப்பர் வாஷருக்குப் பதிலாக நைலான் வாஷர் அனுப்பியிருக்கிறோம் என்று வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும். எழுதியிருந்ததோ நேர் எதிர். ஏறக்குறைய இருபது வருடத்துக்கு முன் நான் எழுதிய அதே வாக்கியம்தான், சரக்கு மட்டும் வேறு.

சைதாப்பேட்டையில் ஒரு மாடி அறையில் வாரக்கடைசியில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். ‘டிஸ்கஸ் அபவுட்’, ‘ரிட்டர்ன் பேக்’ எல்லாம் இங்கே கிடையாது. அவற்றைத்தான் ஊரே சொல்லிவிட்டதே. நான் அடிபட்டுக் கற்ற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

உருபை அப்படியே ஆங்கிலத்துக்கு மாற்றுவது

இன், ஆன், ஃபார், வித் செய்கிற வேலையை நம் மொழியில் பெரும்பாலும் வேற்றுமை உருபு செய்கிறது. அது பெயரின் வாலில் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கும். அதனால் ‘இல்’ என்றால் ‘இன்’, ‘இடம்’ என்றால் ‘டு’, ‘க்கு’ என்றால் ‘ஃபார்’ என்று மனதுக்குள் ஒரு அட்டவணை போட்டு வைத்துக்கொள்கிறோம். ‘அவனிடம் கேட்டேன்’ என்பது ‘ஆஸ்க்ட் டு ஹிம்’ ஆவது இப்படித்தான்.

எந்த உருபு வர வேண்டும் என்பதை வினைச்சொல்தான் முடிவு செய்கிறது. தமிழிலும் அப்படித்தானே? நாயைப் பார்த்தான், நாய்க்குப் பயந்தான், நாயிடம் கடி வாங்கினான், நாயோடு விளையாடினான். நாய் ஒன்றுதான். வினை மாற மாற உருபு மாறுகிறது. இதை யாரும் நமக்குப் பட்டியல் போட்டுச் சொல்லித்தரவில்லை, வினையோடு சேர்த்தே காதில் விழுந்தது. ஆங்கில வினையையும் அதன் வாலோடு சேர்த்து ஒரே சொல்லாக நோட்டில் எழுதுங்கள். ‘டிபென்ட்’ என்று எழுதாதீர்கள், ‘டிபென்ட் ஆன்’ என்று எழுதுங்கள்.

எது உள்ளே வந்தது, எது வெளியே போனது

இப்போது என் கதை. பெரியமேட்டில் தோல் பை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் கடிதப் போக்குவரத்து என் பொறுப்பு. ஒரு ஆர்டருக்குப் பித்தளை பக்கிள் கேட்டிருந்தார்கள். சரக்கு கிடைக்கவில்லை, எஃகு பக்கிள் போட்டுவிட்டோம். அனுப்பும் முன் தெரியப்படுத்திச் சம்மதம் வாங்க வேண்டும். எழுதினேன்: ‘வீ ஹேவ் சப்ஸ்டிட்யூட்டட் ஹெவி ஆன்டிக் பிராஸ் பக்கிள்ஸ் ஃபார் பிளெய்ன் ஸ்டீல் பக்கிள்ஸ்.’ பித்தளை பக்கிளை எடுத்துவிட்டு எஃகு பக்கிள் போட்டோம் என்று சொன்னதாக எனக்கு நினைப்பு. ‘ஆன்டிக்’ என்று ஒரு அடைமொழி வேறு சேர்த்த பெருமை.

ஒரே வரியில் பதில் வந்தது: ‘குட், தேங்க்ஸ்.’ சம்மதம் வந்துவிட்டது என்று கப்பலில் ஏற்றினோம். அங்கே அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது அறுநூறு பையிலும் எஃகு மின்னியது. அந்த வாக்கியத்துக்கு அவர்களிடம் இருந்த அர்த்தம், எஃகுக்குப் பதில் பித்தளை போட்டிருக்கிறோம் என்பது. கேட்டதைத்தான் அனுப்புகிறார்கள் என்று நிம்மதியாக நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

முதலாளி கத்தவில்லை. மெயிலை அச்செடுத்து மேசையில் வைத்தார். “தம்பி, இதுல எது உள்ள வந்துச்சு, எது வெளிய போச்சு, நீயே சொல்லு” என்றார். அப்போதும் நான் தப்பாகத்தான் சொன்னேன், அதுவும் தைரியமாக. கடைசியில் பைக்கு இவ்வளவு என்று விலையைக் குறைத்துக் கணக்கு முடித்தார்கள். அந்த ஆர்டரில் லாபம் என்று எதுவும் மிஞ்சவில்லை. சாம்பிள் பை ஒன்று இன்னும் என் வகுப்பறை ஆணியில் தொங்குகிறது. பக்கிள் கொஞ்சமும் துருப்பிடிக்கவில்லை. அதுவே ஒரு எரிச்சல்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ‘சப்ஸ்டிட்யூட்’ வினையை அடுத்து உடனே நிற்பது புதிதாக வருவது. ‘ஃபார்’ தாண்டி நிற்பது போவது. ‘ரிப்ளேஸ்’ இதற்குத் தலைகீழ்: வினையை அடுத்து நிற்பது போவது, ‘வித்’ தாண்டி நிற்பது வருவது. தமிழில் ‘பித்தளையை மாற்றி எஃகு போட்டோம்’ என்கிறோம். ‘ஐ’ உருபு போகிற பொருளோடு ஒட்டுகிறது. அந்தப் பழக்கத்தில், போகிற பொருளைத்தான் ஆங்கில வினைக்குப் பக்கத்திலும் வைக்கக் கை போகும். ‘ரிப்ளேஸ்’ என்றால் அது சரியாகிவிடும். ‘சப்ஸ்டிட்யூட்’ என்றால் கவிழ்த்துவிடும்.

சேப்பாக்கத்தில் அடிபட்டவருக்குப் பதிலாக ஓடிவருகிறாரே சப்ஸ்டிட்யூட் ஃபீல்டர், அவர் உள்ளே வருபவர். அவரைத்தான் வினைக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். இதில் கால்பந்துக்காரர்கள் வேறு குட்டையைக் குழப்புகிறார்கள். ஒரு ஆட்டக்காரர் ‘வாஸ் சப்ஸ்டிட்யூட்டட்’ என்றால் அங்கே அவர் வெளியே போனவர். அதனால்தான் சொல்கிறேன், வியாபாரக் கடிதத்தில் ‘சப்ஸ்டிட்யூட்’ வேண்டவே வேண்டாம். ‘ரிப்ளேஸ்’ எழுதுங்கள். அப்படியும் சந்தேகமா? எது இல்லை என்று ஒரு வாக்கியம், எது போட்டிருக்கிறோம் என்று இன்னொரு வாக்கியம். அழகு குறையும், பணம் குறையாது.

‘கோப் அப் வித்’

நடுவில் ‘அப்’ கிடையாது.

வாலை வெகுதூரம் இழுத்துக்கொண்டு போவது

‘பிக் அப்’ போன்ற ஜோடிகளில் ‘மீ’, ‘ஹிம்’, ‘இட்’ எல்லாம் நடுவில்தான் உட்கார வேண்டும். சென்ட்ரலுக்கு வந்து கூட்டிப்போகச் சொல்ல ‘பிக் மீ அப்’. ‘பிக் அப் மீ’ என்று எழுதினால் அர்த்தம் புரியும், ஆனால் காதில் கல் விழும். நீளமான பெயர்த்தொடர் என்றால் கதை மாறும். அந்தப் பெரிய பழைய பழுப்புத் தோல் பெட்டியை எடுத்து வா என்பதற்கு ‘பிக் தி பிக் ஓல்ட் பிரவுன் லெதர் சூட்கேஸ் அப்’ என்று ஒரு மாணவி எழுதினாள். இலக்கணப்படி குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ‘அப்’ வந்து சேர்வதற்குள் படிப்பவருக்கு மூச்சு வாங்கும். நமக்கு அது உறுத்தாததற்குக் காரணம் உண்டு. தமிழில் வினை கடைசியில்தான் வரும், காத்திருந்து பழகியவர்கள் நாம். பொருள் நீளமாக இருந்தால் ‘பிக் அப்’ என்று சேர்த்தே எழுதிவிட்டு அதன்பின் பெட்டியை வர்ணியுங்கள்.

அடைமொழி வரிசை

அபிப்பிராயம், அளவு, வயது, வடிவம், நிறம், ஊர், செய்பொருள். பெரும்பாலும் இந்த வரிசைதான். ‘மரப் பழைய பெட்டி’ என்று தமிழிலும் யாரும் சொல்வதில்லை, அதனால் செய்பொருளில் தப்பு வராது. நிறத்தில்தான் வரும். ‘சிவப்புப் பெரிய பை’ கடைத்தெருவில் செல்லும், ‘ரெட் பிக் பேக்’ செல்லாது. ‘காஞ்சிபுரம் பச்சைப் பட்டு’ என்றும் நாம் சொல்வோம். ஆங்கிலத்தில் ‘கிரீன்’ முந்திக்கொள்ளும்.

‘ஓல்ட் புக் ஷாப்’ இன்னொரு பொறி. பழைய புத்தகக் கடை என்றதும் 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டை நினைக்கிற நமக்குப் பழையது புத்தகம்தான் என்று தெரியும். ஆங்கிலத்தில் பழையது கடையாகவும் இருக்கலாம். ‘செகண்ட்-ஹேண்ட் புக்ஸ்’ என்று போட்டுவிடுங்கள்.

‘டென் ருபீஸ் நோட்’

‘டென்-ருபீ நோட்’. பத்து ரூபாய்கள் நோட்டு என்று நீங்கள் கேட்டதுண்டா?

பஸ்ஸில் ‘ஆன்’, ஆட்டோவில் ‘இன்’

எழுந்து நடக்க இடமிருக்கும் வண்டிக்கு ‘ஆன்’: பஸ், ரயில், விமானம், கப்பல். கார், ஆட்டோவுக்கு ‘இன்’. ஷேர் ஆட்டோவில் பத்துப் பேர் ஏறினாலும் ‘இன்’தான்.

‘பாஸ்ட் அவுட்’

பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி முடித்து அணிவகுப்பவர்கள் இப்படிச் சொல்லலாம், அது ராணுவ வழக்கு. இந்தியாவுக்குள் நம் கல்லூரிப் பிள்ளைகள் சொன்னாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் மட்டும் ‘கிராஜுவேட்டட் ஃப்ரம்’ என்று மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் 2019இல் கல்லூரி வாசலில் மயங்கி விழுந்ததாகத்தான் அங்கே படிப்பார்கள்.