அலைச்சறுக்குப் போட்டியில் ஹீட்டைக் கோட்டைவிட வைக்கும் தவறுகள்

போட்டியில் சிலர் ஒன்றாகக் கடலில் இறங்கி மோதும் ஒரு சுற்றுதான் ஹீட். அது பெரும்பாலும் 20 முதல் 30 நிமிடம். அதில் பலகை மேல் எழுந்து நின்று சறுக்கும் நேரத்தை எல்லாம் கூட்டினாலும் ஒன்றிரண்டு நிமிடம் தேறினால் அதிகம். மற்ற நேரமெல்லாம் பேடில் செய்வதும் (பலகையில் படுத்துக் கைகளால் துழாவி நகர்வது) காத்திருப்பதும்தான். முதல்முறை லைக்ரா (போட்டியாளர் அணியும் நிறச் சட்டை) மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் தோற்பது இந்த மற்ற நேரத்தில்தான். அன்றாடம் நன்றாகச் சறுக்குகிறவரும் இதற்கு விலக்கில்லை.

பெரிய குழப்பம் பிரியாரிட்டி, அதாவது அலையை எடுக்கும் முதல் உரிமை. ஹீட் தொடங்கும்போது யாருக்கும் பிரியாரிட்டி கிடையாது. அப்போது, அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அலை சொந்தம். ஒருவர் அலை எடுத்ததும் கணக்கு மாறுகிறது. இருவர் ஹீட் என்றால், அலை எடுக்காத மற்றவர் கைக்கு முதல் உரிமை போய்விடும். நால்வர் ஹீட்டில் ஒவ்வொருவராக அலை எடுக்க எடுக்க ஒன்று முதல் நான்கு வரை வரிசை உருவாகும். அதன்பின் சறுக்கிவிட்டுத் திரும்பி, அலை பிடிக்கும் இடத்தை யார் முதலில் எட்டுகிறாரோ அவருக்கு முன் வரிசை. எந்த நிற லைக்ரா எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கரையில் உள்ள அறிவிப்புப் பலகை காட்டும். ஒவ்வொரு முறை அலை பிடிக்கும் இடத்துக்குப் பேடில் செய்து வரும்போதும் அதைத் திரும்பிப் பார்க்காதவர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடுகிறார் என்றே பொருள்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று: பிரியாரிட்டியை இழக்க எழுந்து நிற்க வேண்டும் என்பதில்லை. முதல் உரிமை உள்ளவர் ஓர் அலைக்காகப் பேடில் செய்து அதைத் தவறவிட்டாலே உரிமை போய்விடும். ‘சும்மா முயன்று பார்ப்போம்’ என்று சின்ன அலைக்குக் கை போடுவதுதான் இதில் மிக அதிக விலை கொடுக்க வைக்கும் பழக்கம். பின்னால் வரும் செட்டில் (அடுத்தடுத்து வரும் அலைக் கூட்டம்) நல்ல அலை இருந்தாலும் அது இப்போது எதிராளியுடையது.

உரிமை உள்ளவரின் அலையில் குறுக்கிட்டால் நடுவர்கள் இன்டர்ஃபியரன்ஸ் (குறுக்கீட்டுத் தண்டனை) தருவார்கள். அந்த அலைக்குப் பூஜ்யம். அதோடு, பிரியாரிட்டி நிலவும்போது செய்த குறுக்கீடு என்றால் உங்களுடைய இரண்டாவது சிறந்த அலை கணக்கிலிருந்தே நீக்கப்படும். பிரியாரிட்டி உருவாகும் முன் செய்ததென்றால் பொதுவாக அது பாதியாகும். இரண்டு முறை குறுக்கிட்டால் தண்ணீரை விட்டு வெளியேற வேண்டியதுதான்.

உலக சாம்பியனையும் இது விடவில்லை. 2019 அக்டோபரில் போர்ச்சுகலின் பெனிஷேயில், எதிராளி கயோ இபெல்லிக்குப் பிரியாரிட்டி இருந்தபோது குறுக்கிட்ட கேப்ரியேல் மெடீனா அந்த ஹீட்டிலேயே வெளியேறினார். அதே ஆண்டு டிசம்பரில் ஹவாயின் பைப்லைனில், கடைசி நேரத்தில் அதே இபெல்லியின் அலையில் தெரிந்தே குறுக்கே இறங்கினார். இரண்டாவது அலை போனாலும் மீதமிருக்கும் ஒற்றை அலை ஜெயிக்கப் போதும் என்ற கணக்கு, ஜெயிக்கவும் செய்தார். அது நியாயமா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். நியாயத்தை விடுங்கள், விதியையும் புள்ளியையும் அந்த நொடியில் மனத்தில் வைத்திருந்தாரே, அதைக் கவனியுங்கள்.

புள்ளி என்றதும் அடுத்த தவறு வருகிறது. ஒவ்வோர் அலைக்கும் 10-க்கு மதிப்பெண். சிறந்த இரண்டு அலைகளின் கூட்டுத்தொகைதான் முடிவு. முன்னணியில் இருப்பவர் 13.50, உங்கள் கையில் 6.00-உம் 4.20-உம், ஆக 10.20. வித்தியாசம் 3.30 என்று கணக்குப் போட்டு, ஒரு சுமாரான அலை போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. தவறு. புதிய அலை 4.20-ஐத்தான் தூக்கி எறியும். 13.50-இல் 6.00-ஐக் கழித்தால் 7.50, முந்த வேண்டுமென்றால் 7.51 தேவை. சமன் ஆனால் பெரும்பாலும் யாருடைய ஒற்றை அலை உயர்ந்தது என்று பார்ப்பார்கள். 7.51 வேண்டிய நேரத்தில் இடுப்பளவு அலையை எடுத்து 4.5 வாங்கி வருவது வீண். அதோடு பிரியாரிட்டியும் போய்விடும்.

ஆனால் தொடக்கத்தில் இதற்கு நேர் எதிர். முதல் ஐந்து நிமிடம் பெரிய அலைக்காகவே காத்திருந்து, கையில் ஒன்றும் இல்லாமல் பதறுவதும் தோல்விக்கு வழி. 4 அல்லது 5 வரும் ஓர் அலையை முதலில் பையில் போட்டுக்கொண்டு, பிறகு பொறுமை காட்டுவதே என் பரிந்துரை.

பெரும்பாலும் ஐந்து நடுவர்கள் இருப்பார்கள். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் நீக்கி மூன்றின் சராசரியை எடுப்பார்கள். அவர்கள் பார்ப்பது துணிவும் கடினமும், புதுமை, பெரிய அசைவுகளைக் கோர்ப்பது, வகைமை, வேகம், வலிமை, ஓட்டம். கடைசி அசைவில் விழுந்தால் அந்த அசைவு கணக்கில் வராது. அலை மூடிக்கொள்ளும் இடத்தில் ஒரு நல்ல அடி அடித்துச் சமாளித்து நிற்பவர், அதே அலையில் ஏர் (காற்றில் பாயும் அசைவு) முயன்று விழுந்தவரைவிட மேலே போவார்.

கருவிகளில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் ஒன்று. காலையும் பலகையையும் இணைக்கும் லீஷைப் பலகையோடு கட்டும் கயிற்றுக் கண்ணி நீளமாக இருந்தால், இழுபடும்போது அது பலகையின் விளிம்பை அறுக்கும். கண்ணி விளிம்பைத் தாண்டாமல், லீஷின் துணிப்பட்டை மட்டும் விளிம்பில் படும்படி கட்டுங்கள். ஃபின் (பலகையின் அடித் துடுப்பு) சாவியும், அன்றைய நீரின் வெப்பநிலைக்கு ஏற்ற, கால் வழுக்காமல் பலகையில் பூசும் வாக்ஸும், கரையில் மாற்றுப் பலகையுடன் ஒருவரும் இருந்தால் போதும். வாக்ஸ் பூசிய பக்கம் வெயிலைப் பார்க்கும்படி பலகையை வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

நேரத்தை நம்புவதும் ஒரு தவறு. பெரிய போட்டிகளுக்குப் பல நாள் காத்திருப்புக் காலம் இருக்கும். அலையையும் அலையேற்ற இறக்கத்தையும் பார்த்துக் காலையில்தான் அறிவிப்பு வரும். முதல்நாள் அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டு, முன்னதாகவே நடத்த மாற்றிவிட்ட ஹீட்டுக்குத் தாமதமாக வந்து நிற்பவர்களைக் கடற்கரை மேற்பார்வையாளர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். ஒரு ஹீட் முன்னதாகவே லைக்ரா வாங்கிவிடுங்கள். கடலுக்குள் போகும்போது, நடந்துகொண்டிருக்கும் ஹீட்டின் பகுதிக்குள் நுழையாதீர்கள். அதற்கும் தண்டனை உண்டு.

கடைசி ஐந்து நிமிடத்தில் மஞ்சள் அடையாளம் தெரியும். ஒரு சங்கொலி என்றால் தொடக்கம், இரண்டு என்றால் முடிவு. முடிவுச் சங்கு ஊதும் முன் கைகளைப் பலகையிலிருந்து எடுத்து எழத் தொடங்கியிருந்தால்தான் அந்த அலை எண்ணப்படும். அதன் பிறகு எழுந்து நின்று சறுக்கி, அடுத்த ஹீட்டுக்குத் தொல்லை கொடுத்தாலும் அபராதம் வரும். வயிற்றில் படுத்தபடியே கரைக்கு வந்து, லைக்ராவைத் திருப்பிக் கொடுங்கள்.