அக்யூரசியா, ப்ரிசிஷனா?

ஆங்கிலத்தில் ஆய்வறிக்கை எழுதும்போது 'அக்யூரசி', 'ப்ரிசிஷன்' ஆகிய இரண்டையும் 'துல்லியம்' என்ற ஒரே சொல்லால் புரிந்துகொள்வதால்தான் பலருக்கும் தடுமாற்றம் நேர்கிறது. உண்மை மதிப்போடு ஒப்பிட்டால் அக்யூரசி என்றும், அளவுகளைத் தமக்குள் ஒப்பிட்டால் ப்ரிசிஷன் என்றும் எழுதுங்கள்.

மின்னணுத் தராசில் ஒரு கிலோ படிக்கல்லை மூன்று முறை வையுங்கள். மூன்று முறையும் 1,050 கிராம் என்றே காட்டினால், அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதால் ப்ரிசிஷன் உண்டு. உண்மை எடையிலிருந்து 50 கிராம் விலகி நிற்பதால் அக்யூரசி இல்லை. மாறாக 990, 1,012, 998 என்று காட்டினால், சராசரி சரியாக 1,000 கிராமாகவே வந்தாலும், அளவுகள் சிதறுவதால் ப்ரிசிஷன் குறைவு. சராசரி உண்மைக்கு நெருங்கி நிற்பதை ஐஎஸ்ஓ 5725 தரநிலை 'ட்ரூனெஸ்' என்று தனியே குறிக்கிறது.

தசம இடங்கள் கூடுதலாகத் தெரிவதை மட்டும் வைத்து அக்யூரசி என்று எழுதிவிடாதீர்கள். நல்ல அறிக்கைகளிலும் என்னை வருந்தவைக்கும் பிழை அதுவே.